வழித்து வீசும் இயந்திரம்

பழவேற்காட்டில் மீன் இறங்கும் கரையில், ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சித்தப்பாவுக்கு அந்த வீடியோவைக் காட்டினேன். கனடாவில், டொரன்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருக்கும் என் அக்கா, வீட்டு வாசலில் ஒரு சின்ன சிவப்பு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறாள். கணுக்காலுக்கு மேல் வெள்ளை. அவள் நடக்க நடக்க அந்த வெள்ளை வில்லாக வளைந்து எழும்பி வேலியோரம் போய் விழுகிறது.

“இன்னாடா இது, ஐஸை வாரி இறைக்குது? நம்ம மெஷினு மாதிரியே கீது” என்றார் சித்தப்பா.

அவர் சொன்னதில் பாதி சரி. நம் கரையில் இருக்கும் மெஷின், மேலே போடும் ஐஸ் பாரை முள் உருளையால் நொறுக்கிக் கூடையில் கொட்டுகிறது. அக்காவின் இயந்திரம் தரையில் கிடக்கும் பனியை வாரி மேலே வீசுகிறது. ஒன்று கீழே கொட்டும், மற்றது மேலே வீசும். உள்ளே சுற்றுகிற உருளை மட்டும் இரண்டுக்கும் உறவு.

மகளுக்குப் பிரசவம் பார்க்க, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்று பனி நாடுகளுக்குப் போய் மூன்று மாதம், ஆறு மாதம் தங்குகிறவர்கள் இப்போது நம்மில் நிறையப் பேர். போன இடத்தில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் படி தெரியாது, வழி தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கும். கார் நிறுத்தும் கொட்டகை மூலையில் இந்த இயந்திரம் நிற்கும். அதைத் தொடத் தயங்குகிறவர்களுக்காகவும், ஊரில் இருந்தபடியே அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மிக்ஸியும் ஆட்டுக்கல்லும் தையல் மிஷினும் புழங்கிய கைக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான்.

முதலில் பெயர். அங்கே இதை ‘ஸ்னோ புளோவர்’ என்கிறார்கள். புளோவர் என்றால் ஊதுவது. அதனால் காற்றடித்துப் பனியைத் தள்ளும் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. இதில் காற்றுக்கு வேலையே கிடையாது. ‘ஸ்னோ த்ரோவர்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. வீசுவது என்று பொருள். அதுதான் சரியான பெயர். ஆனால் எனக்கு இவை இரண்டையும்விடப் பிடித்தது ஸ்காபரோவில் அக்காவின் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன சொல். “ஸ்னோ வழிச்சாச்சோ?” என்று கேட்பார். உரலிலிருந்து மாவை வழிப்பது போல வாசலிலிருந்து பனியை வழிப்பது. இயந்திரத்தின் முதல் பாதி வேலை அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது: முதலில் வழிக்கும், பிறகு வீசும்.

பனிதானே, பஞ்சு போல இருக்குமே, மண்வெட்டியால் ஒதுக்கினால் போதாதா என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் ஏறி வரும் பாதை 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வையுங்கள். அதன்மேல் 15 சென்டிமீட்டர் பனி. மொத்தம் நாலரை கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால் 450 கிலோ ஆகிறது. நம் வீட்டுக்கு வரும் நிறை சிலிண்டர், இரும்போடு சேர்த்து, ஏறக்குறைய 30 கிலோ. அதாவது 15 சிலிண்டரைத் தூக்கி ஓரமாக வைப்பதற்குச் சமம். அதே பனி ஈரம் கோத்துக் கனத்துப்போனால் கன மீட்டருக்கு 300 கிலோ தாண்டும். அப்போது 45 சிலிண்டர். அதுவும் குளிரில், குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளையும் பனிப்பொழிவுக் கணக்கையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2017இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்தது. 20 சென்டிமீட்டர் பனி கொட்டிய மறுநாள், மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்த ஆண்களின் எண்ணிக்கை, பனி விழாத நாளைவிட 16 சதவீதம் கூடியிருந்தது. மண்வெட்டி வேலையே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த அப்பாக்கள் அங்கே போய் “இதுக்கெல்லாம் மெஷினா?” என்று மண்வெட்டியை எடுக்க வேண்டாம். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்.

இப்போது இயந்திரத்தின் உள்ளே போவோம். மேல் மூடியைக் கழற்றினால் முதலில் தெரிவது மோட்டார். வயர் வைத்த சின்ன இயந்திரங்கள் பலவற்றில் இருப்பது மிக்ஸிக்கு அடியில் இருக்கும் அதே இனத்து மோட்டார். செப்புக் கம்பி சுற்றிய ஓர் உருளை, அதன் கழுத்தில் செப்புப் பட்டைகள், அந்தப் பட்டைகளை இரு பக்கமும் உரசியபடி இரண்டு கரித்துண்டுகள். மிக்ஸி நின்றுபோனால் ரிப்பேர் கடைக்காரர் “கார்பன் பிரஷ் தேஞ்சுபோச்சு” என்பாரே, அந்தக் கரித்துண்டுதான். மிக்ஸி ஓடும்போது அடியில் சின்ன நீலப் பொறி தெறிப்பதும் அதன் உரசலில்தான். இந்த மோட்டாரின் குணம், உடம்பு சிறிது, வேகம் பெரிது. மிக்ஸியில் அது சுமையில்லாமல் நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை சுற்றும். வீட்டு மிக்ஸி 500 முதல் 750 வாட். பனி இயந்திரம் 1,800 வாட் வரை இழுக்கும். மூன்று மிக்ஸியை ஒரே அச்சில் கோத்தது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பெல்ட். அத்தனை வேகம் பனிக்கு ஆகாது. வேகம் குறைய வேண்டும், பலம் கூட வேண்டும். தையல் மிஷினை நினைத்துப் பாருங்கள். காலால் மிதிக்கிற பெரிய சக்கரத்திலிருந்து மேலே இருக்கும் சின்னச் சக்கரத்துக்கு ஒரு வார் போகிறது. பெரியது ஒரு சுற்று சுற்றினால் சின்னது பல சுற்று சுற்றும். அதனால்தான் கால் மெதுவாக மிதித்தாலும் ஊசி படபடவென்று இறங்குகிறது. பனி இயந்திரத்தில் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். மோட்டார் முனையில் சின்னச் சக்கரம், பனியை வாரும் உருளையின் முனையில் பெரிய சக்கரம், நடுவே ரப்பர் பெல்ட். ஆகவே மோட்டார் வெறிபிடித்துச் சுற்றினாலும் உருளை நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில்தான் சுற்றும். குறைந்த வேகம் பலமாக மாறி வந்து சேர்கிறது.

பெல்ட்டுக்கு இன்னொரு நல்ல குணம். ஏதாவது கட்டை சிக்கி உருளை நின்றுபோனால், பெல்ட் வழுக்கிக்கொண்டு சுற்றும். மிக்ஸி ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர், மோட்டாரைக் காப்பாற்றத் தான் பல் உடைந்து போகிறதல்லவா, அது போல. பெல்ட் கருகினாலும் மோட்டார் பிழைக்கும்.

மூன்றாவது உறுப்புதான் இயந்திரத்தின் கை. தரையை ஒட்டி, முன்பக்கம் திறந்த அரை டிரம் போன்ற ஒரு கூடு. அகலம் பெரும்பாலும் 18 அங்குலம், நம் முறத்தின் அகலம். அதற்குள் படுக்கைவசமாக ஓர் அச்சு. அச்சில் வளைந்த துடுப்புகள். துடுப்பின் விளிம்பில் ரப்பர் அல்லது கடினமான பிளாஸ்டிக்.

துடுப்பு நேராக இருக்காது. இடப்பக்கத்துத் துடுப்பு வலப்பக்கம் பார்த்து வளைந்திருக்கும், வலப்பக்கத்தது இடப்பக்கம் பார்த்து. ஏன்? அம்மா ஆட்டுக்கல்லில் உளுந்து ஆட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை சும்மா இருக்காது. ஓரத்துக்கு ஏறிவரும் மாவை விரல்களைக் குவித்து வழித்து வழித்து நடுக்குழிக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு வழிப்பு. குழவி நகர்ந்த இடைவெளியில் கை புகுந்து வெளியே வந்துவிடும். அந்தக் கையின் வளைவைத்தான் துடுப்பில் செய்து வைத்திருக்கிறார்கள். 18 அங்குல அகலத்தில் கிடக்கும் பனியை இரு ஓரத்திலிருந்தும் நடுவுக்குக் கூட்டி வர வேண்டும். ஏனென்றால் வெளியேறும் வாய் நடுவில்தான் இருக்கிறது.

கூட்டின் அடிவிளிம்பில் ஒரு பட்டை உண்டு. தோசைக்கல்லில் ஒட்டியதைச் சுரண்டும் திருப்பியின் வேலையை அது செய்கிறது. துடுப்பு விட்டதை அது சுரண்டி உள்ளே தரும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

இனி வீச்சு. இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசை, ஏனென்றால் இயந்திரத்தின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. நம் பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை போடுகிறவரைக் கவனியுங்கள். வலையின் ஒரு மடிப்பைத் தோளில் போட்டு, ஈயக்குண்டு பக்கத்தைக் கையில் பிடித்து, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி விடுகிறார். கை விட்ட அந்தக் கணத்தோடு அவர் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு வலையை யாரும் தள்ளவில்லை. கை கொடுத்த வேகத்தில் அது தானே பறந்து, வட்டமாக விரிந்து விழுகிறது. பனியும் அப்படித்தான். துடுப்பு அதைத் தூக்கிச் சுழற்றி விட்டுவிடுகிறது. விட்ட பிறகு பின்னாலிருந்து தள்ள எதுவும் இல்லை. விடுகிற கணத்தில் என்ன வேகமோ, எந்தத் திசையோ, அதுதான் எல்லாம்.

ஒரு பனி உருண்டை 6 மீட்டர் தள்ளிப் போய் விழ வேண்டுமென்றால், மிகச் சரியான சாய்வில் விட்டாலும் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். தெருவில் போகும் மொபெட்டின் வேகம். காற்று தடுப்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும். ஆகவே துடுப்பின் சுற்று குறைந்தால் பனி தூரம் போகாது, வாசலிலேயே விழும். இதை மனதில் வையுங்கள். ஓட்டும் முறை முழுவதும் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் வருகிறது.

வாரி வீசும் யோசனை ஒரு விவசாயி வீட்டுப் பையனுக்கு வந்தது. மாண்ட்ரியால் அருகே பண்ணையில் பிறந்த ஆர்தர் சிகார், கோதுமை வயலில் கதிரடிக்கும் இயந்திரம் கதிரை வாரி உள்ளே இழுத்து வைக்கோலை வெளியே தள்ளுவதைப் பார்த்து, இதையே பனிக்குச் செய்தால் என்ன என்று நினைத்தாராம். லாரியில் பூட்டிய முதல் இயந்திரத்தை அவர் 1925இல் செய்து முடித்தார். 1927இல் மாண்ட்ரியாலை ஒட்டிய ஊட்ரமோன் நகரம் அதை வாங்கியது. அங்கே கதிரடி களத்திலிருந்து வந்த யோசனை, சுருங்கிச் சுருங்கி, இன்று 15 கிலோ எடையில், அரை சிலிண்டர் கனத்தில், ஒரு பெண் தனியாகத் தூக்கி வைக்கும் சாமானாக வீட்டுக்குள் நிற்கிறது.

நான்காவது உறுப்பு மேலே யானைத் துதிக்கை போல நிற்கும் வெளியேற்றுக் குழாய். துடுப்பு விட்ட பனி இதன் வழியாகத்தான் வெளியே போகும். இதில் இரண்டு அசைவுகள். ஒன்று, குழாயை இடமும் வலமும் திருப்பலாம். கைப்பிடி ஓரத்தில் ஒரு சுழற்றி இருக்கும். படகின் சுக்கான் மாதிரி அதைத் திருப்பினால் பனி போகும் பக்கம் மாறும். இரண்டாவது, குழாயின் உச்சியில் ஒரு மூடி. செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்துவோமே, அந்தக் கட்டைவிரல் இது. மூடியைத் தூக்கினால் பனி உயர எழும்பித் தூரப் போகும். இறக்கினால் அருகிலேயே தாழ விழும். பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடி அருகில் இருந்தால் இறக்கித்தான் வைக்க வேண்டும். பனியோடு சேர்ந்து ஒரு கூழாங்கல் போனால் அதுவும் அதே வேகத்தில்தான் போகும்.

கைப்பிடியில் ஒரு பட்டனும் ஒரு வளைகம்பியும் இருக்கும். பட்டனை அமுக்கிக்கொண்டே கம்பியை இழுத்தால்தான் இயந்திரம் ஓடும். கேஸ் அடுப்புத் திருகை அமுக்கித் திருப்புவது போல, தெரியாமல் கை பட்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. ஓடத் தொடங்கியதும் பட்டனை விடலாம், கம்பியை விடக் கூடாது. வழுக்கி விழுந்தால் கை தானாகக் கம்பியை விடும், இயந்திரம் நிற்கும்.

இப்போது மின்சாரம். அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது நானே தவறு செய்த இடம் இது. அக்கா வேலைக்குப் போன ஒரு காலை, கொட்டகையில் தொங்கிய ஒரு மெல்லிய நீள எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துச் சொருகிவிட்டேன். பத்து நிமிடத்தில் மோட்டார் சத்தம் தொய்ந்தது. பனி பாதித் தூரத்தில் விழுந்தது. வயரைத் தொட்டால், உறைபனியிலும் இளஞ்சூடு.

என்ன நடந்தது? அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நமக்கு 230. அழுத்தம் பாதியாக இருப்பதால், அதே 1,800 வாட்டுக்கு ஓட்டம் இரண்டு மடங்கு வேண்டும். நம் ஊரில் 8 ஆம்பியரில் முடிகிற வேலைக்கு அங்கே 15 ஆம்பியர். தென்னந்தோப்புக்கு மோட்டார் தண்ணீரை விரல் தடிமன் குழாயில் அனுப்பினால் எப்படி? வழியிலேயே திணறும். நான் சொருகிய வயர் 16 கேஜ், 100 அடி. கணக்குப் போட்டால் போகிற வழியிலேயே 12 வோல்ட் காணாமல் போகிறது, 180 வாட் சூடாக வீணாகிறது. மூன்று பழைய குண்டு பல்பு எரிகிற சூடு, வயருக்குள். சுருட்டி வைத்த வயராக இருந்தால் பற்றிக்கொள்ளவும் கூடும்.

ஆகவே வயர் தடிமனாக இருக்க வேண்டும். 50 அடிக்கு 14 கேஜ், 100 அடிக்கு 12 கேஜ். எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும். 40ஆம் நம்பர் நூலைவிட 80ஆம் நம்பர் நூல் சன்னம் இல்லையா, அதே வழக்கம்தான். வெளிப்புற உபயோகத்துக்கு என்று போட்ட வயராகவும் இருக்க வேண்டும். வீட்டுக்குள் புழங்கும் வயரின் உறை குளிரில் விறைத்து, முறுக்கு போல ஒடியும்.

வெளிச்சுவரில் இருக்கும் பிளக்கில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும். நம் வீட்டு இஎல்சிபியின் தம்பி அது. அதன் வேலையை நம் கரைப் பழக்கத்தில் சொல்கிறேன். விடிகாலையில் எத்தனை படகு போனது என்று கரையில் இருப்பவர்களுக்குக் கணக்குத் தெரியும். திரும்பும்போது ஒன்று குறைந்தால் உடனே தேட ஆள் கிளம்பும். அந்தப் பிளக்கும் அப்படிக் கணக்குப் பார்க்கிறது. ஒரு கம்பியில் போன ஓட்டம் முழுவதும் மறு கம்பியில் திரும்பி வந்ததா? 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது வேறெங்கோ, ஈரத்தின் வழியாகவோ ஒருவர் உடம்பின் வழியாகவோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். பனி என்பது தண்ணீர். இந்தப் பட்டன் இல்லாத பிளக்கில் இயந்திரத்தைச் சொருகவே கூடாது.

இனி வாசலுக்கு இறங்கலாம். இயந்திரத்தைத் தொடும் முன் ஒரு பிடி பனியைக் கையில் எடுங்கள். புட்டுக்கு மாவு பிசறும்போது ‘பிடித்தால் பிடிக்கணும், உதிர்த்தால் உதிரணும்’ என்று பதம் பார்ப்போமே, அதே சோதனை. பிடித்தும் பிடிக்காமல் சலித்த அரிசி மாவாகப் பொலபொலவென்று உதிர்ந்தால் உலர்பனி. இயந்திரம் சந்தோஷமாக வீசும். பிடித்து உதிர்ந்தால் வேலை நடக்கும், மெதுவாகப் போக வேண்டும். பிடித்ததும் கொழுக்கட்டையாக நின்று, விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அது ஈரப்பனி. குழாயில் அப்பிக்கொள்ளும். இதற்கு ஒரு வழி உண்டு. இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவது போல, குழாயின் உட்புறத்திலும் துடுப்பிலும் சிலிகான் ஸ்பிரே அடித்து வைத்தால் பனி ஒட்டாமல் நழுவும். இயந்திரத்தை வெளியே எடுக்கும் முன், அது உலர்ந்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

பிறகு பாதையைத் தீர்மானிக்க வேண்டும். பிளக்குக்கு அருகில் தொடங்கி விலகிப் போங்கள். அப்போது வயர் எப்போதும் வழித்த பக்கமே கிடக்கும், துடுப்புக்கு முன்னால் வராது. வயரைத் தோளில் ஒரு மடிப்புப் போட்டுக்கொள்வது என் அக்கா பழக்கம், எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. பாதை அகலமாக இருந்தால் நடுவில் தொடங்கி இடப்பாதியை இடப்பக்கமும் வலப்பாதியை வலப்பக்கமும் வீச வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி வழிக்காத பக்கமே வீசினால், வீசிய பனியையே மறுபடி வார வேண்டிவரும். பெருக்காத பக்கம் குப்பையைத் தள்ளுவது போல.

காற்றையும் பார்க்க வேண்டும். களத்தில் நெல் தூற்றுகிறவர் காற்றுக்கு எதிரே நின்று தூற்றுவாரா? பதர் எல்லாம் முகத்தில் விழும். இங்கேயும் காற்று போகிற பக்கமே குழாயைத் திருப்புங்கள்.

ஓட்டும்போது காதைக் கொடுங்கள். கிரைண்டரில் ஒரேயடியாக அரிசியைக் கொட்டினால் கல் திணறும், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சீராக ஓடும். இயந்திரத்துக்குப் பனி ஊட்டுவது உங்கள் நடை. மோட்டார் குரல் தாழ்ந்தால் நடையைக் குறையுங்கள். குரல் தாழ்வது என்றால் துடுப்பின் சுற்று குறைகிறது, சுற்று குறைந்தால் வீச்சு குறைகிறது. 10 அங்குலத்துக்கு மேல் பனி இருந்தால் கூட்டின் வாய்க்கு அது அதிகம். கைப்பிடியைக் கொஞ்சம் அமுக்கி முன்பக்கத்தைத் தூக்கி, மேல் பாதியை முதலில் வாரிவிட்டு, பிறகு கீழ்ப் பாதியை வார வேண்டும். அதைவிட நல்லது, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே 4 அங்குலம் சேர்ந்ததும் ஒருமுறை, பிறகு நின்றதும் ஒருமுறை என்று இருமுறை போவது. உழைப்பு கூடுகிற மாதிரி தெரியும். உண்மையில் முதுகுக்கும் மோட்டாருக்கும் அதுதான் இதம்.

இவ்வளவும் முடித்து, வாசல் பளிச்சென்று ஆகி, உள்ளே போய் டீ போடும்போது மாநகராட்சியின் பனி ஒதுக்கும் வண்டி தெருவில் வரும். தெருப் பனியைச் சீவி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகும். அந்த ஓரத்தில்தான் உங்கள் வாசலின் வாய் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் வாசல் முனையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கரை.

அதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நம் முகத்துவாரம்தான் ஞாபகம் வந்தது. ஏரியும் கடலும் சேரும் வாயில் மணல் வந்து அடைக்கும். அடைத்தால் படகு கடலுக்குப் போக முடியாது, கடல் தண்ணீர் ஏரிக்குள் வர முடியாது, உப்பின் அளவு மாறும், இறால் வரத்து குறையும். தோண்டித் திறப்பார்கள். அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து மறுபடி மூடும். லைட் ஹவுஸ் குப்பத்திலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் இருப்பவர்கள் வாழ்நாளெல்லாம் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஸ்காபரோ வாசலில் வண்டி கொண்டுவந்து போடுகிற கரையும் அதே வேலையைச் செய்கிறது. வாசலை எத்தனை சுத்தமாக வழித்திருந்தாலும் வாய் அடைந்தால் கார் நகராது. டொரன்டோ மாநகராட்சி ஸ்காபரோ போன்ற பகுதிகளில் இந்தக் கரையை எடுக்கத் தனி வண்டி அனுப்புகிறது. ஆனால் அது வரும்வரை காத்திருக்க எல்லோருக்கும் முடியாது.

இந்தக் கரை வெறும் பனியல்ல. சீவி அழுத்தியதால் கெட்டிப்பட்டிருக்கும், உப்பும் சரளையும் ஐஸ் கட்டியும் கலந்திருக்கும். சின்ன மின் இயந்திரத்தின் ரப்பர் துடுப்பு இதற்கு ஆகாது. பெரிய பெட்ரோல் இயந்திரங்களில் முன்னால் ஓர் இரும்பு உருளை மெதுவாகச் சுற்றிக் கட்டியை உடைத்துக் கொடுக்கும், பின்னால் இன்னொரு சக்கரம் வேகமாகச் சுற்றி வீசும். ஒரு ஆள் வாரிக் கொடுக்க, இன்னொரு ஆள் தூக்கி எறிவது போல. நம் சின்ன இயந்திரத்தில் ஒரே ஆள்தான் இரண்டையும் செய்கிறார். அதனால் மண்வெட்டியால் முதலில் கரையை உடைத்துத் தூளாக்கிப் பரப்பி, கல்லைப் பொறுக்கிவிட்டு, பிறகு இயந்திரத்தை விடுங்கள். எடுத்ததைத் தெருவில் திருப்பித் தள்ளாதீர்கள். அங்கே அது விதிமீறல்.

 

இப்போது சித்தப்பா கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். “அடைச்சுக்கிச்சுன்னா?”

அடைத்துக்கொள்ளும். ஈரப்பனி குழாயில் இறுகி நிற்கும், அல்லது நனைந்த செய்தித்தாள் சுருள் துடுப்பில் சுற்றிக்கொள்ளும். அப்போது செய்ய வேண்டிய வரிசை இது: கம்பியை விடுங்கள், துடுப்பு நிற்கும்வரை காத்திருங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். அதற்குப் பிறகும் கையை உள்ளே விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு எதற்குப் பயம் என்று தோன்றும். அடைப்பில் துடுப்பு சிக்கி நிற்கும்போது பெல்ட் முறுக்கேறி நிற்கலாம். கயிற்றை முறுக்கி ஒரு முனையைப் பிடித்திருப்பது போல. அடைப்பை எடுத்ததும் அந்த முறுக்கு அவிழ்ந்து துடுப்பு ஒரு வெட்டு வெட்டும். பாதிச் சுற்றுதான். விரலுக்கு அது போதும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் பனி இயந்திரத்தால் காயம்பட்டு அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள். விரல்தான் அதிகம். அதனால் பல இயந்திரங்களில் கூட்டின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் குச்சியை மாட்டி வைத்திருக்கிறார்கள். அடைப்பை அதனால்தான் குத்தி எடுக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் சித்தப்பா எழுந்து ஐஸ் மெஷினுக்குப் பின்னால் போய் ஒரு சவுக்குக் கட்டையை எடுத்து வந்து காட்டினார். கை நீளம். ஒரு முனை கைப்பட்டுப் பட்டுப் பளபளவென்று கருத்திருந்தது. மறுமுனை நாய் கடித்த எலும்பு மாதிரி சிராய்ச் சிராயாகப் பிய்ந்து, ஒரு சாண் நீளத்துக்கு நார் நாராகத் தொங்கியது. ஐஸ் பார் பாதியில் சிக்கினால் இதால் தள்ளுவார்களாம். “மாசத்துக்கு ஒண்ணு போவும். கை ஒண்ணும் போவல” என்றார்.

பேட்டரியில் ஓடும் இயந்திரங்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. வயர் தொல்லை இல்லை. உள்ளே கரித்துண்டு உரசாத மோட்டார், சத்தமும் குறைவு. ஒரு விஷயம் மட்டும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து வர மறுக்கிறதே, அது போலக் குளிரில் பேட்டரிக்குள் ஓட்டம் மந்தமாகும், சீக்கிரம் தீர்ந்தது போலக் காட்டும். ஆகவே பேட்டரியை வீட்டுக்குள் வைத்திருந்து, கிளம்பும்போதுதான் மாட்ட வேண்டும். வேலை முடிந்து கொண்டுவந்ததும் உடனே சார்ஜ் போடக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரட்டும், பிறகு போடலாம். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும்.

வழித்த பிறகு தரையில் மெல்லிய கண்ணாடி போல ஒரு படலம் மிஞ்சும். அதில் கல்லுப்பைத் தூவுகிறார்கள். உப்புத் தண்ணீர் உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும், அதனால் படலம் இளகும். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் உப்பும் மந்தம்தான். அப்போது வழுக்காமல் இருக்க மணல் தூவுவார்கள்.

கனடாவில் ஜனவரி மாதம் தமிழ் மரபுத் திங்கள். நாடாளுமன்றம் 2016இல் அறிவித்தது. நான் அங்கே இருந்த ஆண்டு தைப் பொங்கலன்று விடியும் முன் பனி விழுந்திருந்தது. அக்கா இயந்திரத்தை எடுத்து, வாசலில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் முதலில் வழித்தாள். கோலம் போடத் தரை வேண்டும் என்றாள். அரிசி மாவை வைத்துப் போட்ட கோலம், இரு பக்கமும் இடுப்பு உயர வெள்ளைக்கு நடுவே, கறுப்புத் தார்த் தரையில்.

எல்லாம் முடிந்ததும் இயந்திரத்தை அப்படியே கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் பனி உருகித் தண்ணீராகும், ராத்திரிக் குளிரில் அந்தத் தண்ணீர் மறுபடி உறைந்து துடுப்பைக் கூட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். காலையில் கம்பியை இழுத்தால் மோட்டார் சுற்றும், துடுப்பு சுற்றாது, பெல்ட் கருகும். ஆகவே பனி இல்லாத தரையில் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு ஒட்டியதை உதறுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, குச்சியால் மிச்சத்தைத் தட்டிவிட்டு, அடியில் ஏதாவது விரித்து நிறுத்துங்கள். அக்கா விரிப்பது, ஊரிலிருந்து அரிசி கட்டி எடுத்துப்போன சாக்கு. காலையில் அதைத் தூக்கினால் இயந்திரத்தின் அச்சு அப்படியே ஈரமாகப் பதிந்திருக்கும்.